ஆலை எந்த ஊரில்? உணவு பதப்படுத்தும் தொழில்: வாசகர் கேள்வி பதில்

இயந்திரம், லேபிள், ஏற்றுமதி பற்றி வந்த கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கியிருக்கிறோம். இந்த முறை இடத் தேர்வு மட்டும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் இருக்கிறது. சென்னைத் துறைமுகமும் எட்டும் தூரம். கிருஷ்ணகிரியில் மாங்காய் வாங்கி வந்து இங்கேயே கூழ் எடுத்து ஏற்றுமதி செய்தால் என்ன? கூழுக்கு எடுக்கும் பெங்களூரா ரக மாங்காய் காயாகத்தானே வரும், வழியில் அழுகாதே?
— காஞ்சிபுரம் மாவட்ட வாசகர்

அழுகாது என்பது உண்மைதான். முற்றிய பெங்களூரா ஒரு நாள் லாரிப் பயணத்தைத் தாங்கும். கணக்கு வேறு இடத்தில் உதைக்கும். ஒரு டன் கூழ் எடுக்கச் சுமார் 2 டன் பழம் வேண்டும். காய் சிறுத்திருந்தால் 2.2 டன் வரை இழுக்கும். ஆக, 200 கிலோமீட்டருக்கு மேல் வாடகை கொடுத்து நீங்கள் கொண்டுவருவதில் பாதி, தோலும் கொட்டையும். அதை அப்புறப்படுத்த மறுபடியும் செலவு. புளித்த தோல் இரண்டு நாள் கிடந்தால் ஈ மொய்க்கும், கழிவுநீர் அமிலமாகும், அக்கம்பக்கத்தார் புகார் எழுதுவார்கள். கிருஷ்ணகிரியில் இதற்கெல்லாம் ஆள் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நீங்களே உருவாக்க வேண்டும்.

கூழின் கதை நேர்மாறானது. கிருமி நீக்கி, ஆறவைத்து, 215 கிலோ அசெப்டிக் (கிருமி புகாத) பையில் அடைத்து டிரம்மில் வைத்துவிட்டால் குளிரூட்டல் இல்லாமலே துறைமுகம் வரை போகும். துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் சுமக்க வேண்டிய எடை ஒன்றும் குறைவதில்லை. தோட்டம் பக்கத்தில் இருந்தால் பாதியாகக் குறைகிறது.

இன்னொன்று, பழுக்கவைப்பது. வாங்கிய அன்றே காயை அரைக்க முடியாது. எத்திலீன் வாயு அறையிலோ வைக்கோலிலோ சில நாள் வைத்துப் பழுக்கவிட வேண்டும். எத்திலீன் 100 பிபிஎம் வரை அனுமதி, கார்பைடு கூடவே கூடாது. பழுத்த பிறகுதான் லோடில் எவ்வளவு பிஞ்சு, எவ்வளவு காம்பழுகல் என்பது தெரியும். வாங்குபவர் பெங்களூரா கூழுக்குக் குறைந்தது 14 பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) கேட்பார். பிஞ்சில் பறித்த காய் என்ன செய்தாலும் அதை எட்டாது. ஆலை காவேரிப்பட்டணத்திலோ போச்சம்பள்ளியிலோ இருந்தால் மறுநாளே வேறு தோட்டத்துக் காய்க்கு மாறலாம். ஸ்ரீபெரும்புதூரில் இருந்துகொண்டு போனில் சண்டை போடலாம், அவ்வளவுதான்.

சீசன் மே கடைசியில் சூடுபிடித்து ஆகஸ்ட் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் உயரழுத்த மின் இணைப்பு வாங்கினால், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஒப்பந்தத் தேவையில் (நீங்கள் கேட்டுப் பெற்ற அதிகபட்ச மின் அளவில்) 90 சதவீதத்துக்கு மாதாமாதம் டிமாண்ட் கட்டணம் உண்டு. அதனால் சீசன் இல்லாத மாதங்களில் என்ன அரைப்பது என்பதும் இடத் தேர்வில் சேரும். கிருஷ்ணகிரிப் பக்கம் ராயக்கோட்டைத் தக்காளி, பப்பாளி, கொய்யா கிடைக்கும். மாங்கொட்டையைப் பிரிக்கும் டீஸ்டோனரைத் தவிர, கூழெடுக்கும் பல்பர், அதை நயமாக்கும் ஃபினிஷர், கிருமி நீக்கும் ஸ்டெரிலைசர் எல்லாம் இவற்றுக்கும் பொருந்தும். பழத்துக்கேற்ற சல்லடையை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆந்திர எல்லைப் பக்கம் ஆலை போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 சீசனில் விலை சரிந்தபோது சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநில பெங்களூரா காய் உள்ளே வரத் தடை போட்டது. இரண்டு மாநிலக் காயும் எப்போதும் கிடைக்கும் என்ற நினைப்பில் ஆலையின் கொள்ளளவை முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் 2 ஏக்கரை விற்க வேண்டாம். கூழை டிரம்மாக வாங்கி மாம்பழ பானம் தயாரிக்க அது நல்ல இடம். பழ பானத்தில் குறைந்தது 10 சதவீதம் பழம் இருந்தால் போதும் என்பது விதி. மீதியில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரைக் கிருஷ்ணகிரியிலிருந்து சுமந்து வருவதில் அர்த்தமில்லை. சந்தைக்கு அருகில் கலந்து, அடைத்து, அனுப்புவதே சரி. கூழும் உங்கள் பெயரிலேயே வேண்டும் என்றால், முதல் இரண்டு சீசன் கிருஷ்ணகிரி ஆலை ஒன்றில் ஜாப் ஒர்க்காக (கூலிக்குச் செய்யச் சொல்லி) 3.1 கிலோ டின்னில் அடைத்து வாங்குங்கள். அசெப்டிக் லைன் சிறு முதலீட்டுக்கானது அல்ல.

பேராவூரணியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. காங்கேயத்தில் பெரிய தோப்புகள் இல்லாவிட்டாலும் கொப்பரைக் களங்களும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. காய் இருக்கும் எங்கள் ஊரில் அந்தத் தொழில் ஏன் அந்த அளவுக்கு வரவில்லை? நான் தொடங்கலாமா?
— தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

காங்கேயம் காயை நம்பி வளர்ந்த ஊர் அல்ல. வெயிலையும் காற்றையும் நம்பி வளர்ந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கே பல மாதம் வீசும். ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவுதான். பொள்ளாச்சி, உடுமலை, கேரளக் காய்கள் அங்கே வந்து காய்வதற்கு அதுவே காரணம். உடைத்த தேங்காய்ப் பருப்பில் பாதிக்குப் பாதி ஈரம். அது 6 சதவீதத்துக்கு இறங்கினால்தான் கொப்பரை. காங்கேயக் களத்தில் நல்ல வெயிலில் ஒரு வாரத்துக்குள் இந்த வேலை முடிந்துவிடும், எரிபொருள் செலவில்லாமல்.

உங்கள் ஊர் கடலோரம். காற்றிலேயே ஈரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. களத்தில் போட்ட பருப்பு இரண்டாம் நாள் நனைந்தால் மேலே பிசுபிசுப்பு, பிறகு மஞ்சள், பச்சைப் பூஞ்சணம். ஈரம் 7 சதவீதத்துக்கு மேல் நிற்கும் கொப்பரையைக் குடோனில் அடுக்கினாலும் இதே கதிதான். அதிலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சு வரும், எண்ணெயில் அமிலம் ஏறும், நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். இதை மறைக்கச் சிலர் கந்தகப் புகை போடுகிறார்கள். கொப்பரை வெள்ளையாகத் தெரியும். ஆனால் செக்கு எண்ணெய் வாங்குபவர் அந்தச் சரக்கைத் தொட மாட்டார்.

தொடங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கொப்பரைதான் வேண்டும் என்றால் திறந்த களத்தை மறந்துவிட்டுத் கொட்டாங்குச்சியை எரித்து ஓட்டும் சூடான காற்று உலர்த்தி போடுங்கள். உள்ளே 60 முதல் 70 டிகிரி. அதற்கு மேல் போனால் ஓரம் கருகி, உள்ளே ஈரம் நிற்கும். ஒன்று முதல் ஒன்றரை நாளில் காய்ந்துவிடும். புகை பருப்பில் படாத மறைமுகச் சூடு உலர்த்தியாகப் பார்த்து வாங்குங்கள். நேரடிப் புகையில் காய்ந்த கொப்பரைக்கு விலை குறைவு. கணக்குக்கு: 1000 காய்க்கு ஏறத்தாழ 130 முதல் 150 கிலோ கொப்பரை, எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லரில் அதிலிருந்து 60 சதவீதத்துக்குச் சற்று மேல் எண்ணெய்.

எங்களைக் கேட்டால் காங்கேயத்தோடு கொப்பரையில் மோதுவதைவிட, ஈரத்திலேயே முடியும் பொருளுக்குப் போகச் சொல்வோம். தேங்காய்ப் பாலிலிருந்து எடுக்கும் வெர்ஜின் எண்ணெய்க்குக் களம் வேண்டாம்; உடைத்த சில மணி நேரத்தில் பால் பிழிய வேண்டும், அதற்குத் தோப்பு பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 12 முதல் 15 காய். சந்தை குறுகியது, ஆகவே வாங்குபவரைப் பிடித்துக்கொண்டு இயந்திரம் வாங்குங்கள். காய் வரத்தையும் நேரில் போய்ப் பாருங்கள். 2018 நவம்பர் கஜா புயலில் உங்கள் வட்டாரத்தில் விழுந்த மரங்களுக்குப் பதில் வைத்தவற்றில் எத்தனை முழுக் காய்ப்புக்கு வந்திருக்கின்றன என்று தோப்பு தோப்பாக விசாரிக்காமல் கொள்ளளவைத் தீர்மானிக்க முடியாது.

மசாலாப் பொடி யூனிட் போட எது நல்ல ஊர்? மிளகாய் விளையும் விருதுநகரா, நாங்கள் இருக்கும் தாம்பரமா?
— சென்னை வாசகி

தாம்பரம். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் காய்ந்து வருபவை. அரைத்தால் எடை பெரிதாகக் குறையாது. மூட்டையாக வந்தாலும் பொடியாக வந்தாலும் வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். அதோடு, மிளகாய் ஓர் ஊர், மஞ்சள் ஈரோடு, மல்லி இன்னோர் ஊர். எதற்குப் பக்கத்தில் போவீர்கள்? பொடியின் மணம் அரைத்த நாளிலிருந்து குறையத் தொடங்குவதால் கடைக்கு அருகில் அரைப்பதே லாபம். வற்றலை வாங்கும்போது ஈரம் 11 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். சென்னையில் மழை மாதங்களில் மூட்டை தானாகவே ஈரம் இழுக்கும், எனவே இரண்டு மாதச் சரக்குக்கு மேல் அங்கே வைக்காமல் விருதுநகர் குளிர்பதனக் கிடங்கிலேயே விட்டு வையுங்கள். குடியிருப்புத் தெருவில் மட்டும் வேண்டாம். நெடியும் தூசியும் பற்றிய ஒரே ஒரு புகார் போதும், யூனிட் நின்றுவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மரவள்ளி நன்றாக வருகிறது. ஜவ்வரிசி ஆலை மட்டும் ஏன் சேலத்தோடு நின்றுவிட்டது?
— மார்த்தாண்டம் வாசகர்

உங்கள் ஊரில் வருவது பெரும்பாலும் வேகவைத்துச் சாப்பிடும் கிழங்கு. ருசி, சீக்கிரம் வேகும் தன்மை பார்த்துத் தேர்ந்த ரகங்கள். சேலம், நாமக்கல், தருமபுரியில் நடுவது ஆலை ரகங்கள். மாவுச்சத்துதான் அங்கே விலை. கிழங்கை எடைபோட்டதும் மாதிரி எடுத்து மாவுச்சத்துப் 'பாயிண்ட்' பார்ப்பார்கள், அந்தப் பாயிண்டுக்குத்தான் பணம். ஒரு கிலோ ஜவ்வரிசிக்கு 4 முதல் 5 கிலோ கிழங்கு போகும். பறித்த கிழங்கு இரண்டு நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட ஆரம்பிக்கும். எடையும் குறைகிறது, காலமும் கடிக்கிறது. ஆகவே ஆலை வயலை விட்டு விலக வழியே இல்லை.

ஆனாலும் ரகம் மட்டும் மாறினால் உங்கள் ஊரில் ஆலை வந்துவிடாது. அரைத்த பாலைத் தொட்டியில் தெளியவிட்டு எடுத்த மாவைக் குருணையாக்கி, வறுத்து, சிமென்ட் களத்தில் காய வைக்க வேண்டும். அதற்கு நீண்ட வறண்ட வெயில் வேண்டும். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. உலர்த்தி போட்டால் சேலத்து விலைக்கு விற்க முடியாது. விற்பனையும் அங்கேதான் கூடியிருக்கிறது. 1981 முதல் இயங்கும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் ஆலைகளின் மூட்டைகள் ஏலத்துக்கு வர, வடமாநிலங்களுக்கு அனுப்பும் வியாபாரிகள் அங்கேயே எடுக்கிறார்கள். சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் 2023-இல் கிடைத்துவிட்டது.

எந்த ஊரில் போட்டாலும் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மாவு பழுப்பேறும், வெள்ளை ஜவ்வரிசி விலை கிடைக்காது. கழிவுநீரில் கிழங்கின் சயனைடும் மாவும் சேர்ந்திருக்கும். சுத்திகரிப்பும் எரிவாயுக் கலனும் இல்லாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு கிடைக்காது. மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியை மட்டும் மாட்டுத் தீவனத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். குமரிக் கிழங்குக்கு ஏற்றது சிப்ஸ், உறையவைத்த துண்டு. இரண்டும் உண்ணும் ரகத்தைக் கேட்பவை, கேரளச் சந்தையும் பக்கம்.

ஒட்டன்சத்திரத்தில் முருங்கைக்காய் பயிரிடுகிறேன். காய் விலை விழும் மாதங்களில் இலையைப் பறித்துப் பொடியாக்கி ஏற்றுமதி செய்யலாமா?
— திண்டுக்கல் மாவட்ட வாசகர்

இடம் அருமை, யோசனையில் ஒரு குறை. காய்க்காக வளர்த்த மரத்தில் பூ உதிராமல் இருக்கவும் காய் ஈக்கும் புழுவுக்கும் மருந்து அடித்திருப்பீர்கள். அந்த இலையைப் பொடியாக்கினால் எச்சம் பல மடங்கு செறிந்துவிடும். ஐரோப்பியச் சோதனையில் முதல் கன்டெய்னரே திரும்பும். இலைக்குத் தனி வயல், நெருக்கமான நடவு, அடிக்கடி அறுவடை என்று வேறு சாகுபடி வேண்டும்.

மற்றபடி உங்கள் வட்டாரத்துக்குச் சாதகம் அதிகம். மழை குறைவு, காற்று வறட்சி. தேனி, திண்டுக்கல், கரூர், தூத்துக்குடி, அரியலூர், திருப்பூர், மதுரை ஆகிய 7 மாவட்டங்களை மாநில அரசு முருங்கை ஏற்றுமதி மண்டலமாக அறிவித்திருக்கிறது. இலையை விடியற்காலையில் அறுத்து 4, 5 மணி நேரத்துக்குள் உலர்த்தியில் ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் குவியலுக்குள் சூடேறி மஞ்சளாகும். பிறகு எந்த இயந்திரமும் பச்சையைத் திருப்பித் தராது. எனவே வயலுக்கும் ஆலைக்கும் இடையே அரை மணிப் பயணத்துக்கு மேல் வைக்காதீர்கள். உலர்த்தி 50 முதல் 55 டிகிரி, பொடியின் ஈரம் 7 சதவீதத்துக்குள். காம்பு நீக்கிய இலையே 4 முதல் 5 கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ பொடி. மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துக் காயவைப்பது வீட்டுக்குச் சரி. ஏற்றுமதிக்குப் போனால் ஈகோலி, சால்மோனெல்லா கிருமிச் சோதனையில் மாட்டும்.

செங்கல்பட்டில் கடலை மிட்டாய் தயாரித்து 'கோவில்பட்டி' என்று பெயர் போட்டு விற்கலாமா?

கூடாது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. அந்தப் பகுதித் தயாரிப்பாளராக, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்தவர்கள் மட்டுமே போடலாம். உங்கள் பெயரில் விற்றுக்கொள்ளுங்கள். கடலோர ஈரத்தில் வெல்லப் பாகு கசியும் என்பதால், அச்சில் ஆறியவுடன், அன்றே, காற்றுப் புகாமல் சுற்றிவிடுங்கள்.

மானியம் எந்த மாவட்டத்தில் அதிகம் என்று பார்த்து அங்கே போகலாமா?
— ஈரோடு வாசகர்

மத்திய அரசின் குறு உணவு நிறுவனங்கள் திட்டமான பிஎம்எஃப்எம்இ-யில் எந்த மாவட்டமானாலும் திட்ட மதிப்பில் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். ஊரால் அது மாறாது. திட்டம் இப்போது விண்ணப்பம் வாங்குகிறதா என்பதை மட்டும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாநில முதலீட்டு மானியத்தில் பின்தங்கிய ஒன்றியங்களுக்குத் தனிச் சலுகை உண்டு. அந்தப் பட்டியலும் அதே அலுவலகத்தில் இருக்கும்.

ஆனால் ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 5 டன் காய் எடுக்கிறீர்கள், வருடம் 250 நாள். மானியத்துக்காகத் தோட்டத்தை விட்டு விலகிப் போனதால் கிலோவுக்கு ஒரு ரூபாய் வாடகை கூடுகிறது என்றால், வருடத்துக்கு 12.5 லட்சம். மானியம் ஒரு தடவைதான் வரும். வாடகை வருடா வருடம் போகும்.

சிட்கோ மனை வாங்குவதா, சொந்த விவசாய நிலத்தில் கட்டுவதா? எதை எதைப் பார்க்க வேண்டும்?
— நாமக்கல் வாசகர்

சொந்த நிலம் இலவசம் என்று தோன்றும். நிலப் பயன்பாடு மாற்றம், நகர் ஊரமைப்பு அனுமதி, ஊராட்சி அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் முதலில் நிறுவ இசைவு, பிறகு இயக்க இசைவு என்று வரிசையாக முடிக்க வேண்டும். நிறுவ இசைவு வருவதற்கு முன்பே அஸ்திவாரம் போட்டுவிடுவது பலர் செய்யும் தப்பு. வங்கி அங்கேதான் கடனை நிறுத்தும். சிட்கோ, சிப்காட்டில் பயன்பாட்டு மாற்றம் என்ற தலைவலி இல்லை. சிப்காட்டில் 99 ஆண்டுக் குத்தகை. ஆனால் பக்கத்து மனையில் என்ன தொழில் என்று விசாரியுங்கள். பெயின்ட், ரப்பர், உரக் கலவைக்கு அருகில் மாவும் பாலும் வேண்டாம்; வாடை பிடிக்கும்.

மின்சாரத்தில் குறிப்பிட்ட அளவு வரை தாழ்வழுத்த இணைப்பு. அதைத் தாண்டினால் சொந்த டிரான்ஸ்ஃபார்மரோடு உயரழுத்த இணைப்பு. கிராமத்தில் உங்கள் நிலத்துக்கு வரும் லைன் விவசாய ஃபீடரா என்று உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். அதில் மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரம்தான் என்றால் குளிரறையை மறந்துவிட வேண்டியதுதான். ரோட்டில் லாரி போனால் போதாது. 40 அடி கன்டெய்னர் திரும்ப இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர்தான் கடைசியில் எல்லாரையும் கவிழ்ப்பது. உங்கள் பிர்கா (வருவாய்க் குறுவட்டம்) நிலத்தடி நீர் அதிகமாக உறிஞ்சப்பட்ட பட்டியலில் இருந்தால் ஆலைக்கு எடுக்கத் தடையின்மைச் சான்று சிக்கலாகும். கிடைத்தாலும் தரம் இருக்கிறது. குடிநீர்த் தர விதிப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது 2000 வரை; கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. பொருளில் சேரும் தண்ணீருக்கு ஆர்.ஓ. போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அது வெளியேற்றும் உப்புநீரை எங்கே விடுவது என்ற கேள்வி உடனே வரும். பாய்லருக்கு இந்த 600 எல்லாம் உதவாது. மென்னீராக்கி இல்லாவிட்டால் குழாயில் உப்புப் படிந்து விறகு செலவு ஏறும். மாதிரியை டிசம்பரில் எடுக்காதீர்கள், மழைநீர் கலந்து நல்ல எண் காட்டும். மே மாதம் ஆழ்துளைக் கிணற்றை 8 மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, கடைசி அரை மணியில் பிடித்த தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். அதற்குப் பிறகு முன்பணம் போடலாம்.